இன்டஸ்ட்ரியல் பிசிக்குத் தனி எர்த் பிட் தோண்ட வேண்டுமா? பீன்யா பேக்கிங் லைன்: பவர், எர்த்திங் விவாதம்

பீன்யா_மெயின்டனன்ஸ்
வணக்கம். பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு பேக்கிங் லைன். கன்ட்ரோல் பேனலுக்குள் ஃபேன் இல்லாத பாக்ஸ் பிசி இருக்கிறது, இன்புட் 9 முதல் 36 வோல்ட் டிசி. அதே பேனலில் 15 கிலோவாட் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), பிஎல்சி (மிஷினை இயக்கும் கன்ட்ரோலர்), எட்டு சோலனாய்டு வால்வு (மின் காயிலால் திறப்பவை). எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 வோல்ட் 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (மெயின் ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை) ஒன்றுதான். ஆபரேட்டர் மேசை 12 மீட்டர் தள்ளி. அங்கே டச் மானிட்டர், இரண்டு பின் அடாப்டரில், ஆபீஸ் யுபிஎஸ் பிளக்கிலிருந்து ஓடுகிறது. எச்டிஎம்ஐ, யுஎஸ்பி இரண்டு கேபிளும் பேனல் வரை டிரைவின் மோட்டார் கேபிள் போகும் டிரேயிலேயே வருகின்றன.

பிரச்சினை மூன்று. டிரைவ் ஸ்டார்ட் ஆகும்போது டச் வேலை செய்யாமல் போய், யுஎஸ்பி தானாகத் துண்டித்துச் சேர்கிறது. கரன்ட் ஒரு முறை மினுக்கினால் பிசி ரீஸ்டார்ட். எச்டிஎம்ஐ செருகும்போது சின்னப் பொறி வருகிறது, பிசியின் எச்டிஎம்ஐ போர்ட் ஏற்கெனவே போய் போர்டு மாற்றியாயிற்று.

மிஷின் கொடுத்தவர்கள் "கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி எர்த் பிட் போடுங்கள், 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும், ஃபேக்டரி எர்த்தோடு சேர்க்கக் கூடாது" என்கிறார்கள். கான்டிராக்டர் குழி தோண்டத் தயார். தோண்டலாமா?

செம்புக்கம்பி
தோண்டுவதில் தப்பில்லை, சேர்க்காமல் விடுவதுதான் உயிருக்கு ஆபத்து. கான்டிராக்டரை இன்றைக்கே நிறுத்துங்கள். கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

பிசி பேனலின் பாடியை ஃபேக்டரி எர்த்திலிருந்து பிரித்து, 4 ஓம் வரும் தனிப் பிட்டில் கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் எர்த் 1 ஓம். உள்ளே எங்கோ பேஸ் வயர் இன்சுலேஷன் போய் பாடியைத் தொடுகிறது. ஃபால்ட் கரன்ட் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும்: 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்ப். 16 ஆம்ப் சி கர்வ் எம்சிபி (கரன்ட் கூடினால் தானாக விழும் பிரேக்கர்) உடனே விழ 80 முதல் 160 ஆம்ப் வேண்டும். 46 ஆம்புக்கு அதன் வெப்பப் பட்டைதான் வேலை செய்யும், அது விழ நொடிகள் ஆகும், ஒரு நிமிடத்தை நெருங்கவும் செய்யலாம். அதுவரை பாடியில் 46ஐ 4ஆல் பெருக்கினால் 184 வோல்ட். ஆபரேட்டர் கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 230 வோல்ட் சர்க்யூட்டில் இப்படி ஒரு ஃபால்ட் 0.4 நொடிக்குள் துண்டிக்கப்பட வேண்டும்.

அதே பாடி பச்சை-மஞ்சள் செம்பு வயரால் எர்த் வயர்கள் எல்லாம் சேரும் மெயின் எர்த் பாருக்கும், அங்கிருந்து டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கும் உலோகத் தொடர்ச்சியோடு போயிருந்தால் லூப் மொத்தமும் ஒரு ஓமுக்குள் வந்துவிடும். நூற்றுக்கணக்கான ஆம்ப் ஓடி எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். பிரேக்கரை விழ வைப்பது குழியல்ல, திரும்பிப் போகும் செம்பு.

இடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலை இடி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மின்னல் கரன்ட்டில் வெறும் 1 கிலோ ஆம்ப் பங்கு 4 ஓம் மெயின் பிட்டில் இறங்கினால், மெயின் எர்த்துக்கும் உங்கள் தனிப் பிட்டுக்கும் நடுவே 4,000 வோல்ட் நிற்கும். ஈதர்நெட் போர்ட்டின் தனிமைப்படுத்தல் 1,500 வோல்ட் தான். எந்தப் பக்கம் உடையும் என்று சொல்ல வேண்டுமா?

ஒரு கட்டடத்தில் இருக்கிற பாதுகாப்பு எர்த், வேலைக்கான எர்த் எல்லா எலெக்ட்ரோடும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்று ஐ.ஈ.சி. 60364-4-44 என்ற சர்வதேசத் தரநிலை நேரடியாகவே சொல்கிறது.

ஜிகணி_வயர்மேன்
அண்ணே, நீங்க சொல்ற கணக்கு சரி. ஆனா சிஎன்சி மிஷின் கம்பெனிக்காரங்க மேனுவல்லயே "தனி எர்த்"னு போட்டிருக்காங்களே. நிறைய இடத்துல புது பிட் போட்ட பிறகு நாய்ஸ் (டச், யுஎஸ்பியைக் கெடுக்கிற மின் தொந்தரவு) போனது நிஜம். அதுக்கு என்ன பதில்?

நேர்மின்
நாய்ஸ் போனது நிஜம், காரணம் குழி இல்லை. புதுப் பிட் போடும்போது கூடவே என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்: பழைய துருப்பிடித்த பட்டையை விட்டுவிட்டு புது வயர் நேராக இழுக்கப்படுகிறது, வயர் முனையின் லக் புதிதாக கிரிம்ப் ஆகிறது, பெயின்ட் சுரண்டி போல்ட் இறுக்கப்படுகிறது. பலன் தந்தது இவைதான். பெயரை மட்டும் குழி வாங்கிக்கொள்கிறது.

டிரைவ் உண்டாக்கும் நாய்ஸ் 50 ஹெர்ட்ஸ் இல்லை. டிரைவுக்குள் இருக்கும் ஐஜிபிடி என்னும் பவர் டிரான்சிஸ்டர் சுவிட்ச் ஆகும் விளிம்புகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் முதல் பல மெகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் உள்ளது. 20 மீட்டர் தள்ளிக் குழி என்றால் 20 மைக்ரோ ஹென்றி. 1 மெகாஹெர்ட்ஸில் அது 125 ஓம், 10 மெகாஹெர்ட்ஸில் 1,250 ஓம். குழிக்குள் 1 ஓம் வந்தாலும் அரை ஓம் வந்தாலும் நாய்ஸ் கண்ணுக்கு அங்கே குழியே இல்லை. வயரைத் தடிமனாக்கினாலும் இது பெரிதாகக் குறையாது. நீளம் குறைந்து, அகலம் கூடினால்தான் குறையும். அதனால்தான் பேனல் கதவுக்கும் டிரைவுக்கும் தட்டையான பின்னல் செம்பு போடுகிறோம்.

டிரைவ் நாய்ஸ் திரும்பிப் போக விரும்பும் இடம் பூமி இல்லை, அது புறப்பட்ட அதே டிரைவின் பாடி. மோட்டார் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும் சுற்றிலும் உலோகம் படும்படி கிளாம்ப் செய்தால் அது அந்த ஷீல்டிலேயே திரும்பும். ஷீல்டைப் பிரித்து முறுக்கி வால் மாதிரி ஒரு டெர்மினலில் செருகினால் அது வேறு வழி தேடும். உங்கள் இடத்தில் அந்த வேறு வழி எச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஷீல்டுகள்.

ஜிகணி நண்பரே, "தனி எர்த்" என்று மேனுவலில் இருந்தால் அதைத் தனி எர்த் வயர் என்று நிறைவேற்றுங்கள்: மெயின் எர்த் பாரிலிருந்து அந்த மிஷினுக்கு மட்டும், நடுவில் வேறு எதையும் தொட்டுத் தொடராமல், ஒரே நீளமாக இழுத்த வயர். அது நல்ல பழக்கம். கூடுதலாகப் பிட் போட்டாலும் சரி, அதன் வயரும் அதே பாரில் வந்து சேர வேண்டும்.

செம்புக்கம்பி
1 ஓம் விஷயத்தையும் பேசிவிடுவோம். ஒரு பைப் எலெக்ட்ரோடின் ரெசிஸ்டன்ஸ் மண்ணைத்தான் பொறுத்தது. 3 மீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் விட்டம், மண் 100 ஓம் மீட்டர் என்றால் எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சூத்திரப்படி ஏறக்குறைய 30 ஓம் வரும். பெங்களூரில் பல இடங்களில் மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே உடனே பாறை. அங்கே இதைவிடவும் கூடும், கோடையில் மண் காய்ந்தால் இன்னும் கூடும். இரண்டு பிட் போட்டால் 15 ஓம் ஆகாது. ஒன்றின் பரப்பு மற்றதன் பரப்போடு மோதுவதால் சற்று அதிகமாகத்தான் நிற்கும். பைப் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளிப் போடுவது அதற்காகத்தான். ஒற்றைக் குழியில் 1 ஓம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டெஸ்டர் ஸ்பைக்குகளை எங்கே நட்டு அளந்தார் என்று கேளுங்கள். மெயின் எர்த்தோடு சேர்ந்திருக்கும்போதே அளந்த எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பீன்யா_மெயின்டனன்ஸ்
புரிந்தது, குழி வேலையை நிறுத்தியாயிற்று. இப்போது எதை எதை அளக்க வேண்டும், எந்த வரிசையில்?

பொம்மசந்திரா_பேனல்
தம்பி, முதல்ல ஐசோலேட்டர் ஆஃப் பண்ணி பூட்டு போடுங்க, சாவி உங்க பாக்கெட்ல இருக்கணும். டிரைவ் மேல எழுதியிருக்கிற நிமிஷம் காத்திருந்து டிசி பஸ்ல வோல்டேஜ் இல்லைன்னு மீட்டர்ல பாத்துக்கோங்க. ஆஃப் பண்ணதும் கை வைக்கிற பழக்கம் வேண்டாம், கெப்பாசிட்டர் 500 வோல்ட்டுக்கு மேல பிடிச்சு வெச்சிருக்கும்.

ஆஃப்ல இருக்கும்போது எர்த் பார்லேருந்து ஒவ்வொரு உலோகத்துக்கும் தொடர்ச்சி பாருங்க: கதவு, மவுன்டிங் பிளேட், பிசி பாடி, எஸ்எம்பிஎஸ் எர்த் டெர்மினல், மோட்டார் பாடி. சாதாரண மல்டிமீட்டர் பீப் சத்தத்தை நம்பாதீங்க. ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப் அடிக்கும். ஐ.ஈ.சி. 60204-1 படி 0.2 ஆம்புக்குக் குறையாத கரன்ட் விட்டு அளக்கணும், 10 ஆம்ப் விடற டெஸ்டர் கிடைச்சா ரொம்ப நல்லது. பேனலுக்குள்ள 0.1 ஓமுக்குக் கீழ இருக்கணும்னு வெச்சுக்கோங்க. அதைவிட அதிகமா காட்டினா அங்க பெயின்ட் இருக்கு, இல்லேன்னா லக் லூஸ்.

கதவை கீல் வழியா எர்த் ஆகுதுன்னு விடாதீங்க. கதவுல 230 வோல்ட் எதுவும் இல்லேன்னாலும் பின்னல் போடுங்க. சுவிட்ச், லாம்ப் நாளைக்கு யாராவது சேர்ப்பாங்க.

பிசியை பெயின்ட் அடிச்ச பிளேட்ல போல்ட் பண்ணிட்டு எர்த் ஆயிடுச்சுன்னு நினைக்கறது அடிக்கடி நடக்குது. பிசி பின்னாடி எர்த் குறி போட்ட ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் எம்4. அதுல 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) பச்சை-மஞ்சள் வயர், ரிங் லக், பல் வாஷர். வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, சுருட்டி வைக்காதீங்க. ஒரே போல்ட்ல நாலு லக் அடுக்காதீங்க, ஒண்ணை கழட்டினா நாலும் கழண்டுடும். எர்த் பார்ல ஒரு துளைக்கு ஒரு வயர்.

பேனலுக்கு வர மெயின் எர்த் வயர் சைஸ்: பேஸ் 16 ஸ்கொயர் வரை பேஸ் அளவே. 16க்கு மேல 35 வரைக்கும் எர்த் 16 போதும். அதுக்கு மேல பேஸ்ல பாதி. மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) போடணும்னா 500 வோல்ட்ல போடுங்க, 1 மெகா ஓமாவது காட்டணும். ஆனா எஸ்எம்பிஎஸ், பிசி, டிரைவ், சர்ஜ் அரெஸ்டர் (இடி மின்னல்ல வர அதிக வோல்ட்டை எர்த்துக்கு விடறது) எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டுத்தான். மறந்தா அந்த ஒரு டெஸ்டே பிசியை முடிச்சிடும்.

ஹலசூரு_சர்வீஸ்
24 வோல்ட் பக்கத்துக்கு இதையும் சேர்த்துப் பாருங்கள். பவர் ஆஃப் நிலையில் எஸ்எம்பிஎஸ் மைனசுக்கும் எர்த் பாருக்கும் நடுவே ஓம் அளக்கவும். பிறகு பிசியின் பவர் கனெக்டரையும் மற்ற கேபிள்களையும் கழற்றிவிட்டு மறுபடி அளக்கவும். இந்த இரண்டு எண்ணும் வந்தால் பாதி விடை தெரிந்துவிடும்.

ஆன் நிலையில் ஆபீஸ் பிளக்கில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி கழற்றிய நிலையில் மானிட்டர் பின்பக்க உலோகத்துக்கும் பேனல் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட். சோலனாய்டு எல்லாம் ஒன்றாக இழுக்கும்போது பிசி டெர்மினலில் 24 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரின் மினிமம்-மேக்சிமம் பட்டனில் பார்க்கவும்.

பீன்யா_மெயின்டனன்ஸ்
அளந்தவை:
கதவு 2.3 ஓம். மற்றவை 0.1க்குக் கீழே.
எஸ்எம்பிஎஸ் மைனசுக்கும் எர்த்துக்கும் 0.4 ஓம். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எர்த் லிங்க் எதுவுமே போடவில்லை. பிசி கனெக்டரைக் கழற்றினால் ஓப்பன்.
ஆபீஸ் பிளக்: பேஸ்-நியூட்ரல் 228, பேஸ்-எர்த் 238, நியூட்ரல்-எர்த் 11 வோல்ட்.
மானிட்டர் பாடி முதல் பேனல் எர்த்: 98 வோல்ட் ஏசி.
24 வோல்ட் லோடு: பிசி 3 ஆம்ப், பிஎல்சி ஐஓ 2, சோலனாய்டு எட்டும் சேர்ந்தால் 4. அந்த நேரத்தில் பிசியில் 21.8 வோல்ட் வரை இறங்குகிறது.

நேர்மின்
மிகத் தெளிவாக அளந்திருக்கிறீர்கள். இந்த எண்களில் உங்கள் மூன்று பிரச்சினைகளும் இருக்கின்றன.

முதலில் அந்த 0.4 ஓம். உங்கள் பிசியின் உள்ளே டிசி மைனசும் பாடியும் இணைந்திருக்கின்றன. பல பாக்ஸ் பிசிகள் அப்படித்தான். எஸ்எம்பிஎஸ் பக்கம் லிங்க் இல்லாததால், இந்த பேனலின் மொத்த 24 வோல்ட்டுக்கும் எர்த் இணைப்பு பிசியின் போர்டு வழியாக மட்டுமே. மிஷின் பக்கம் ஒரு சென்சார் வயர் நசுங்கி 24 வோல்ட் பிளஸ் மிஷின் பாடியைத் தொட்டால், அந்தக் கரன்ட் முழுதும் பாடி, பிசி ஷாசிஸ், பிசி போர்டு, மைனஸ் வயர் என்று திரும்பும். எஸ்எம்பிஎஸ் 10 ஆம்புக்கு மேலும் தள்ளும். அந்தப் போர்டின் செம்புக் கோடுகள் அதற்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல.

பிசியைக் கழற்றிய நிலையில் அந்த 24 வோல்ட் எர்த்தே இல்லாமல் மிதக்கிறது. அப்போது ஒரு எர்த் ஃபால்ட் வந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஃபால்ட் சுவிட்சின் மறுபுறம் வந்தால், சுவிட்ச் திறந்திருக்கும்போதே சோலனாய்டு இழுக்கும். மிஷின் தானாக அசையும். கன்ட்ரோல் சர்க்யூட்டின் ஒரு பக்கத்தை எர்த் செய்யச் சொல்வது இதனால்தான்.

திருத்தம்: எஸ்எம்பிஎஸ்சின் மைனஸ் டெர்மினலுக்கு அடுத்தே, பிரித்து அளக்கக்கூடிய லிங்க் டெர்மினல் ஒன்று, அங்கிருந்து எர்த் பாருக்கு 4 ஸ்கொயர் குட்டை வயர். மைனசை வேறு எங்கும், சென்சார் பெட்டியிலோ மேசையிலோ, எர்த் செய்யக் கூடாது. பிசிக்குள் இருக்கும் இணைப்பை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அது எஸ்எம்பிஎஸ் உள்ள அதே மவுன்டிங் பிளேட்டில், அரை மீட்டருக்குள் இருந்தால் லூப் மிகச் சிறியது, தீங்கில்லை. பிசியின் மைனஸ் ஸ்க்ரூவை மட்டும் ஒழுங்காக இறுக்குங்கள். அது லூசானால் 3 ஆம்பும் ஷாசிஸ், யுஎஸ்பி ஷீல்டு வழியாக ஓட ஆரம்பிக்கும், பிசியும் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: இந்த மாதிரி பிசியை பிளஸ் எர்த் செய்த சப்ளையில், அதாவது டெலிகாம் மைனஸ் 48 வகையிலிருந்து இறக்கிய சப்ளையில், தனிமைப்படுத்தாத கன்வெர்ட்டரோடு கட்டினால் நேர் ஷார்ட்.

அடுத்து 98 வோல்ட். இரண்டு பின் அடாப்டருக்குள் பேஸ், நியூட்ரல் பக்கத்தை அவுட்புட்டோடு இணைக்கும் சிறு ஒய் கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாததால் அவுட்புட் ஏறக்குறைய பாதி வோல்ட்டில் மிதக்கிறது. மீட்டர் அதைச் சற்றுக் குறைத்துக் காட்டுகிறது. கரன்ட் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் எச்டிஎம்ஐ செருகும் நொடியில் ஷீல்டுக்கு முன்னால் ஒரு சிக்னல் பின் தொட்டால் அந்தச் சார்ஜ் முழுதும் சிப் வழியாக இறங்கும். நீங்கள் பார்த்த பொறி அதுதான், போர்ட் போனதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

யுஎஸ்பிக்கு வருவோம். யுஎஸ்பி 2.0 செம்பு கேபிளுக்கு 5 மீட்டர் தான் வரம்பு, நீங்கள் 12 மீட்டர் இழுத்திருக்கிறீர்கள், அதுவும் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில். டிரைவ் நாய்ஸ் ஷீல்டில் ஏறி, மானிட்டர் அடாப்டர் வழியாக ஆபீஸ் லைனுக்குப் போகிறது. டச் தவறுவதில் வியப்பே இல்லை.

நியூட்ரல்-எர்த் 11 வோல்ட் என்பது எர்த் கெட்டதற்கான அடையாளம் இல்லை. அந்த நியூட்ரல் வயரில் ஏர் கண்டிஷனர் மாதிரி பெரிய லோடு ஓடி வோல்ட் விழுகிறது. குழி தோண்டினால் ஒரு வோல்ட்டும் குறையாது.

ஜிகணி_வயர்மேன்
மேடம், அந்த 11 வோல்ட்டை ஜீரோ ஆக்க பிளக்குலயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ஜம்பர் போட்டு சேர்க்கறாங்களே? கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்து பார்த்தா 0 காட்டும், கையெழுத்து போட்டுட்டு போவாரு.

செம்புக்கம்பி
அதைச் செய்யவே கூடாது. அந்த ஜம்பருக்கு முன்னால் நியூட்ரல் எங்காவது அறுந்தால், லோடு கரன்ட் திரும்பிப் போக எர்த் வயர் மட்டுமே இருக்கும். எர்த் வயரும் நல்ல நிலையில் இல்லை என்றால் அந்த வயரில் தொங்கும் அத்தனை பாடியும் 230 வோல்ட். நியூட்ரல் அறாத நாளிலும் நியூட்ரல் கரன்ட்டில் ஒரு பங்கு எர்த் வயர், டிரே, நெட்வொர்க் ஷீல்டு எல்லாவற்றிலும் ஓடும். எர்த்துக்குக் கசியும் கரன்ட்டைப் பார்த்து விழும் ஆர்சிசிபி நிற்கவே நிற்காது. லோடு ஓடும்போது நியூட்ரல்-எர்த் சரியாக 0 வோல்ட் காட்டும் பிளக்கைப் பார்த்தால் நான் முதலில் ஜம்பரைத்தான் சந்தேகிப்பேன்.

11 வோல்ட்டைக் குறைக்க ஒழுங்கான வழி: அந்த யுபிஎஸ் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுப்பது, ஏர் கண்டிஷனரைப் பிரிப்பது. அதுவும் போதாவிட்டால் லோடுக்கு அருகில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்து, அதன் செகண்டரியில் ஒரு முனையை அங்கேயே, அந்த ஒரே இடத்தில், எர்த்தோடு இணைப்பது. அது புது சப்ளைக்குப் புது நியூட்ரல், அதனால் அங்கே இணைப்பு நியாயமானது. ஜம்பர் அப்படியல்ல.

ஜெனரேட்டர், நாலு போல் சேஞ்ச்ஓவர் (மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்), ஆன்லைன் யுபிஎஸ் மூன்றும் இருக்கும் இடத்தில் இன்னொன்று. சேஞ்ச்ஓவர் நியூட்ரலையும் பிரிக்கும்போது, டிரான்ஸ்பார்மர் இல்லாத யுபிஎஸ்சின் அவுட்புட் நியூட்ரல் அந்தச் சில நொடிகள் எர்த் தொடர்பே இல்லாமல் மிதக்கும். மேலே சொன்ன டிரான்ஸ்பார்மர் அதற்கும் விடை.

ஒயிட்பீல்டு_ஆட்டோமேஷன்
இடையில் ஒரு கேள்வி. பிசி, எஸ்எம்பிஎஸ் லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போட்டால் காலையில் ஆன் செய்யும்போது விழுகிறது. கழற்றிவிடலாமா?

செம்புக்கம்பி
கழற்ற வேண்டாம், பிரியுங்கள். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்சும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரன்ட்டை எர்த்துக்கு விடும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கும் விழலாம். நிரந்தரக் கசிவு மொத்தமும் 9 மில்லி ஆம்புக்குள் இருக்கும்படி ஒரு ஆர்சிசிபிக்குக் கீழே எத்தனை சப்ளை என்று முடிவு செய்யுங்கள். கிளாம்ப் மீட்டரில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கசிவு நேராகத் தெரியும். ஏ வகை வாங்குங்கள். டிரைவை அந்த 30 மில்லி ஆம்ப்புக்குக் கீழே கொண்டுவரவே வேண்டாம், அதன் ஃபில்டர் கசிவு தனி அளவு. நிரந்தரக் கசிவு 10 மில்லி ஆம்பைத் தாண்டும் உபகரணத்துக்கு எர்த் வயர் 10 ஸ்கொயர் செம்பு, அல்லது இரண்டு தனி எர்த் வயர்.

ஹலசூரு_சர்வீஸ்
ரீஸ்டார்ட் பிரச்சினைக்கு வருகிறேன். 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ்சில் 9 ஆம்ப் லோடு. பேனல் உள்ளே 50 டிகிரியைத் தாண்டினால் பல சப்ளைகளின் திறன் இறங்க ஆரம்பிக்கும், அவற்றின் டேட்டாஷீட் வளைவைப் பாருங்கள். முழு லோடில் மெயின் போனால் 20 மில்லி செகண்ட் சுற்றளவுதான் தாங்கும், அது 50 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சைக்கிள். பாதி லோடில் ஏறக்குறைய இரு மடங்கு தாங்கும்.

செய்ய வேண்டியது: பிசிக்கு மட்டும் தனி 24 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ். 3 ஆம்ப் லோடுக்கு அது வசதியாக நிற்கும். சோலனாய்டு, பிஎல்சி பழைய 10 ஆம்பிலேயே இருக்கட்டும். இரண்டின் மைனசும் அவரவர் லிங்க் வழியாக ஒரே எர்த் பாருக்கு. சோலனாய்டு ஒவ்வொன்றின் காயில் குறுக்கே டையோடு, ஒன்று 1என்4007 போதும், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். ஏசி காயில் கான்டாக்டர் என்றால் ஆர்சி சப்ரசர்.

24 வோல்ட் கிளைகளில் சி6 எம்சிபி போட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டில் கொடுப்பதே பெரும்பாலும் 11 முதல் 15 ஆம்ப் வரை. சி6 உடனே விழ 30 முதல் 60 ஆம்ப் வேண்டும், டிசியில் அதற்கும் மேல். எம்சிபி விழாது, எஸ்எம்பிஎஸ் மூச்சு வாங்கும், மொத்த 24 வோல்ட்டும் உட்கார்ந்துவிடும், பிசி ரீஸ்டார்ட். கிளை கிளையாகக் கரன்ட் அமைக்கும் எலெக்ட்ரானிக் பிரேக்கர் மாட்யூல் போடுங்கள். ஷார்ட் ஆன கிளை மட்டும் விழும்.

பேக்கப்புக்கு ஏசி யுபிஎஸ்சைவிட டிசி யுபிஎஸ் மேல். 230ஐ டிசியாக்கி, அதை ஏசியாக்கி, மறுபடி டிசியாக்கும் சுற்று இல்லை. மெயின் போய்விட்டது என்ற அதன் கான்டாக்டை பிஎல்சிக்கோ பிசிக்கோ கொடுத்து, 10 நொடி கழித்தும் மெயின் வராவிட்டால் விண்டோஸ் ஷட்டவுன் ஆகும்படி செய்யுங்கள். பிசி 72 வாட் இழுக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 4,320 ஜூல், அதாவது 1.2 வாட் ஹவர். கெப்பாசிட்டர் வகை பஃபரே ஷட்டவுனுக்குப் போதும். ஜெனரேட்டர் வரும்வரை ஓட வேண்டும் என்றால் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு சீரிஸில். லெட் ஆசிட் பேட்டரியைப் பேனலுக்குள் வைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும்.

பயாஸில் மெயின் திரும்பினால் தானாக ஆன் ஆகும்படி அமையுங்கள். அதோடு ஷட்டவுன் ஆனபின் டிசி யுபிஎஸ் தன் அவுட்புட்டை ஒரு தரம் துண்டிக்கும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷட்டவுன் நடுவே மெயின் திரும்பிவந்தால் பிசி அணைந்தபடியே நிற்கும், ஏனென்றால் அதன் பார்வையில் பவர் போகவே இல்லை.

பொம்மசந்திரா_பேனல்
சர்ஜ் அரெஸ்டர் பத்தி யாரும் சொல்லலை. மெயின் போர்டுல டைப் 1+2, இந்த பேனல் வாசல்ல டைப் 2. பேஸ்லேருந்து அரெஸ்டர், அங்கேருந்து எர்த் பார், ரெண்டு வயர் நீளமும் சேர்த்து அரை மீட்டருக்குள்ள. ஒரு மீட்டர் சுத்தி கட்டினா அந்த வயர்லயே ஆயிரம் வோல்ட் விழும், அரெஸ்டர் இருந்தும் இல்லாத மாதிரி. அரெஸ்டர் மேல இருக்கிற இன்டிகேட்டர் ஜன்னல் சிவப்பாச்சான்னு மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பாருங்க.

லைன்ல வெல்டிங் வேலை நடந்தா ரிட்டர்ன் கிளாம்பை வெல்ட் பண்ற துண்டுலயே மாட்டச் சொல்லுங்க. தூரத்துல மிஷின் ஃபிரேம்ல மாட்டினா நூறு ஆம்புக்கு மேல உங்க எர்த் வயர், என்கோடர் ஷீல்டு, யுஎஸ்பி ஷீல்டு வழியா போகும். அன்னிக்கு பிசி கேபிள் எல்லாத்தையும் கழட்டி வெக்கறது உத்தமம்.

பீன்யா_மெயின்டனன்ஸ்
கதவுக்குப் பின்னல், மைனஸ் லிங்க், தனி 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ், எலெக்ட்ரானிக் பிரேக்கர் நான்கும் பட்டியலில் ஏறிவிட்டன. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலேயே எல்லாம் கிடைக்கும். மேசை மானிட்டரை என்ன செய்வது? அது 12 முதல் 24 வோல்ட் டிசி ஏற்கும், 1.5 ஆம்ப். அதற்கு 4 ஸ்கொயர் இழுக்க வேண்டுமா?

நேர்மின்
அடாப்டரை எடுத்துவிட்டு பேனலின் பிசி எஸ்எம்பிஎஸ்சிலிருந்தே தனிக் கிளையாக 24 வோல்ட் கொடுங்கள், மேசையில் மைனஸ் எர்த் ஆகாதபடி தனிமைப்படுத்தும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாக. பிசி 3, மானிட்டர் 1.5, மொத்தம் 4.5 ஆம்ப். 5 ஆம்புக்கு நெருக்கம், ஆகவே அந்த எஸ்எம்பிஎஸ்சை 10 ஆம்பாக வாங்கிவிடுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. ஹலசூரு நண்பர் போட்ட பேக்கப் கணக்கில் மானிட்டரின் 36 வாட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வயருக்கு 4 ஸ்கொயர் வேண்டாம். போக 12, வர 12, மொத்தம் 24 மீட்டர். 1.5 ஸ்கொயர் ஃப்ளெக்சிபிள் செம்பு கிலோமீட்டருக்கு 13.3 ஓம், ஆக 0.32 ஓம், 1.5 ஆம்பில் விழுவது அரை வோல்ட் கூட இல்லை. 1.5 ஸ்கொயர் இரட்டைக் கோர் கேபிள் போதும், முனையில் பின் லக் அடித்து.

மேசையின் உலோக ஃபிரேமையும் மானிட்டர் பாடியையும் பேனல் எர்த் பாரோடு 16 ஸ்கொயர் பச்சை-மஞ்சள் வயரால் இணையுங்கள். அந்த வயர் சிக்னல் கேபிள்களை ஒட்டியே அதே டிரேயில் வரட்டும். அப்போதுதான் ஷீல்டில் ஓட வேண்டிய கரன்ட் அதில் ஓடும்.

மோட்டார் கேபிளை இந்த டிரேயிலிருந்து வெளியே எடுங்கள், குறைந்தது 200 மில்லிமீட்டர் இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எச்டிஎம்ஐ, யுஎஸ்பி இரண்டையும் ஃபைபர் எக்ஸ்டெண்டருக்கு மாற்றுங்கள். வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: ஆப்டிகல் எச்டிஎம்ஐ என்று விற்கும் கேபிள்களில் பல, படத்தை மட்டும் ஃபைபரில் அனுப்பிவிட்டு மற்ற சில சிக்னல்களையும் 5 வோல்ட்டையும் செம்பு இழைகளிலேயே அனுப்புகின்றன. அவை தனிமைப்படுத்துவதில்லை. இரு முனையிலும் தனிப் பெட்டியும் நடுவில் வெறும் ஃபைபரும் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். மேசைப் பக்கப் பெட்டிக்கும் பவர் இதே 24 வோல்ட் கிளையிலிருந்து வரட்டும். 5 அல்லது 12 வோல்ட் வகை என்றால் டின் ரெயில் டிசி-டிசி கன்வெர்ட்டர் வையுங்கள். அதோடு வரும் இரண்டு பின் அடாப்டரை மேசை டிராயரில் கூட விட்டு வைக்காதீர்கள், யாராவது ஒருநாள் அதை மறுபடி ஆபீஸ் பிளக்கில் செருகிவிடுவார்கள்.